வண்டிக்கு அடியில் என்ன சத்தம்?

வண்டிக்கு அடியில் ‘கடகட’வென்று ஏதோ ஆடுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். “டிரயல் போய்ப் பார்த்தோம் சார், சத்தமே வரலை” என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு நீளமான பில்லைக் கொடுப்பார்கள். வீடு திரும்பும் வழியில் முதல் வேகத்தடையிலேயே பழைய சத்தம் கேட்கும். இன்ஜினில் கோளாறு என்றால் ஸ்கேனரைச் செருகியதும் திரையில் ஒரு எண் வந்து நிற்கும். தளர்ந்த போல்ட்டுக்கும் தேய்ந்த புஷ்ஷுக்கும் அப்படி எண் எதுவும் கிடையாது. அதனால் சத்தம் தேடுவது இன்றைக்கும் காதையும் கையையும் பொறுமையையும் நம்பிய வேலையாகவே இருக்கிறது.

அந்த வேலையில் எது பலிக்கிறது, எது பலிப்பதில்லை என்று தொகுத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் ‘எங்கே’ என்ற கேள்வியில் தொடங்குவதால்தான். ‘எப்போது’ என்று கேட்டுத் தொடங்கினால், வண்டியைத் தூக்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

‘எங்கே’ என்ற கேள்வி ஏன் ஏமாற்றுகிறது என்பதற்குக் காரணம் நம் தலையிலேயே இருக்கிறது. ஒலி வரும் திசையை நாம் அறிவது இரண்டு காதுகளுக்கும் இடையிலான நுண்ணிய வித்தியாசத்தை வைத்துத்தான். ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு 1907-இல் இதை விளக்கினார். கனத்த ஒலிகளுக்கு, அவை ஒரு காதை முந்தியும் மற்றதைப் பிந்தியும் எட்டும் கால வித்தியாசம் உதவுகிறது. கூரிய ஒலிகளுக்கு, நடுவில் தலை மறைப்பதால் ஒரு காதில் குறைந்து கேட்பது உதவுகிறது. அந்தக் கால வித்தியாசம் அதிகபட்சம் போனாலும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடாது. இவ்வளவு சின்ன ஆதாரத்தைக் கொண்டு இடதா வலதா என்று மூளை நன்றாகவே சொல்லிவிடும். முன்னா பின்னா, மேலா கீழா என்பதில்தான் தடுமாறும். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழிருந்து வரும் சத்தம் சரியாக அந்தத் தடுமாற்றத்துக்குள் வந்து விழுகிறது. நாலு பக்கமும் கண்ணாடி, மேலே கூரை, எல்லாம் சேர்ந்து ஒலியைத் திருப்பி அடிப்பது இன்னொரு குழப்பம்.

அடுத்தது உலோகம். காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் ஒலி, எஃகில் 5,000 மீட்டருக்கு மேல் போகிறது. பின்சக்கரத்துப் பக்கம் தட்டுகிற ஒரு மூட்டின் அதிர்வு, சேசிஸ் வழியாக ஓடி, எங்கே அகலமான தகடு கிடைக்கிறதோ அங்கே சத்தமாக வெளிப்படும். வீணையில் விரல் மீட்டுவது தந்தியை, முழங்குவது குடம். அதுபோல, “டேஷ்போர்டுக்குள்ளதான் சார் கேக்குது” என்று ஒருவர் சத்தியம் செய்வார். குற்றவாளி முன்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ஒரு லிங்க் ராடாக இருக்கும். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் காதுக்குக் கிடைத்த தகவலே அதுதான்.

இனி சத்தத்தின் பிறப்பு. வாகனச் சத்தங்களை ஆராயும் பொறியாளர்கள் ரீங்காரத்தையும் கிரீச்சிடுவதையும் கடகடப்பையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு பரப்புகள் அழுந்தி நின்று, ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டினால் கிரீச். காய்ந்துபோன ரப்பர் புஷ்ஷின் சத்தம் அது. கடகடப்பு வேறு ரகம். இறுகிச் சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு பொருள்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, ஒன்றை மற்றொன்று அடிக்கிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்க வேண்டியதில்லை. அடிப்பதற்கு ஒரு விசை வேண்டும். அந்த விசையைக் கொடுப்பது சாலையாக இருக்கலாம், இன்ஜினாக இருக்கலாம், சுழலும் சக்கரமாக இருக்கலாம். சத்தம் தேடுவதென்றால் முதலில் இந்த மூன்றில் யார் அடிக்கிறார் என்று பிரிப்பதுதான்.

பிரிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு காரியம்: டிக்கியைக் காலி செய்ய வேண்டும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், தண்ணீர் பாட்டில், சீட்டுக்கு அடியில் உருளும் சில்லறைப் பொருள் எல்லாம் வெளியே வரட்டும். இன்னோவா, எர்டிகா போன்ற வண்டிகளில் ஸ்டெப்னி உடம்புக்கு அடியில் தொங்குவதால், அதன் பிடிமானத்தையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட வேண்டும். பஞ்சர் போட்டுவிட்டு அரைகுறையாக ஏற்றிய ஸ்டெப்னியின் ‘டும் டும்’ சத்தத்துக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் பலியாவது அடிக்கடி நடக்கிற கொடுமை.

இப்போது முதல் கேள்வி: நின்ற இடத்தில், இன்ஜின் மட்டும் ஓடும்போது வருகிறதா? வருகிறது என்றால் சாலை, சக்கரம், சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே அடியில் விடுதலை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் விநாடிக்கு சுமார் 27 உதை, 1,500 சுற்றில் 50, 3,000 சுற்றில் 100. ஒவ்வொரு தகட்டுக்கும் குழாய்க்கும் தனக்கென்று ஒரு இயல்பான அதிர்வு உண்டு. இன்ஜினின் உதை அதோடு ஒத்துப்போகிற வேகத்தில் தகடு துள்ளும். அந்த வேகத்தைத் தாண்டியதும் அடங்கிவிடும். “ஆக்சிலேட்டர லேசா மிதிச்சா வருது, நல்லா மிதிச்சா போயிடுது” என்று வண்டிக்காரர் சொல்வதைப் பல இடங்களில் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கே பாதி பில்லைத் தள்ளுபடி செய்யலாம். தளர்ந்த தகடு ஒன்று இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்தத் தகடு பெரும்பாலும் ஹீட் ஷீல்டு. சைலன்சர் குழாய்க்கும் வண்டியின் தரைத்தகட்டுக்கும் நடுவே நின்று சூட்டைத் தடுப்பது இதன் வேலை. அலுமினியமோ எஃகோ, கையால் வளைத்துவிடும் அளவுக்குத்தான் கனம் இருக்கும். சின்னச் சின்ன போல்ட்டுகளில் தொங்கும். மழைநீரும் சூடும் மாறி மாறிப்பட்டு போல்ட்டைச் சுற்றியுள்ள தகடு மட்டும் அரித்துப்போய், துளை போல்ட்டின் தலையைவிடப் பெரிதாகிவிடும். போல்ட் என்னவோ இறுக்கமாகவே இருக்கும். ஸ்பேனரைப் போட்டுத் திருகிப் பார்க்கிறவர் “எல்லாம் டைட்டா இருக்கு” என்று எழுந்து வந்துவிடுவார். வண்டி நன்றாக ஆறிய பிறகு அடியில் போய், மடக்கிய விரலால் குழாயை முன்பக்கமிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போனால், ‘தொம் தொம்’ என்று வந்துகொண்டிருக்கும் ஒலி ஓரிடத்தில் ‘ஜிங்’ என்று மாறும். அங்கே பெரிய வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கினால் முடிந்தது. குழாயையே சுற்றி உட்காரும் ஷீல்டு என்றால் நீளமான ஸ்டெயின்லெஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி முடுக்கினால் போதும். ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது.

இந்த இடத்தில் சிலர் குறுக்குவழியாக ஷீல்டையே பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். சத்தம் உடனே நின்றுபோவதால் வண்டிக்காரருக்கும் சந்தோஷம். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நம் கிராமத்துச் சாலைகளில் கொள்ளும் உளுந்தும் சோளத்தட்டும் காய்வதற்கும் மிதிபடுவதற்கும் பரப்பிக் கிடக்கும். காய்ந்த தழை அடியில் சுற்றிக்கொண்டு, சூடான குழாயில் பட்டு, தீப்பிடித்த கார்கள் உண்டு. தழைக்கும் குழாய்க்கும் நடுவே கடைசியாக நிற்பது அந்த மெல்லிய தகடுதான்.

குழாயிலேயே இருக்கும் இன்னொரு சந்தேகப் புள்ளி கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். 1995 ஏப்ரலில் ஈயம் கலக்காத பெட்ரோல் நான்கு பெருநகரங்களில் வந்தபோது அங்கே புதிய கார்களோடு இதுவும் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு, குறிப்பாக டீசல் வண்டிகளில், இந்தப் புகைச் சுத்திகரிப்பு அமைப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. வண்டிக்கு அடியில் தகடுகளும் கிளாம்புகளும் கூடிப்போனதற்கு இது முக்கியக் காரணம். கன்வர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் 400 துளை என்பது சாதாரணம். பாறையில் இடித்தாலோ, கொதிக்கும் நிலையில் வெள்ளத்துக்குள் இறங்கினாலோ அது உடையலாம். இன்ஜின் சரியாக எரிக்காமல் விட்ட பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் உருகவும் செய்யும். உடைந்த துண்டுகள் உள்ளே உருண்டு, சோழி குலுக்கினாற்போல் ஒலிக்கும். ஆறிய பிறகு ரப்பர் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். இது தகட்டுச் சத்தம் போல மலிவாக முடிகிற விஷயமில்லை. துண்டுகள் வழியை அடைத்தால் வண்டி இழுவை குறையும். அதைவிட, கட்டி ஏன் உருகியது என்று பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே கதிக்குப் போகும்.

சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. நீண்ட தூரம் போகிற வண்டியில் அது சூட்டோடு வெளியேறிவிடும். பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று இரண்டு கிலோமீட்டர் வட்டத்திலேயே ஓடும் வண்டியில் அது சைலன்சருக்குள்ளேயே தங்கி, உள்தடுப்புத் தகடுகளை அரிக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே தகடு கழன்று ஆடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளியிலிருந்தும் அரிப்பதால் இரட்டை நஷ்டம். இன்ஜினை அணைக்கும் நொடியில் மட்டும் ‘டடக்’ என்று ஒரு அடி கேட்டால், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையத்தையும் இன்ஜின் மவுண்ட்டையும் பார்க்க வேண்டும். நியூட்ரலில் நிற்கும்போது வரும் ‘கரகர’ கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் அது கியர்பாக்ஸ் பக்கத்து விவகாரம். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் சந்தேகத்துக்குரியது.

நின்ற இடத்தில் சத்தமில்லை, ஓடினால்தான் வருகிறது என்றால் அடுத்த கேள்வி: வேகத்தோடு சேர்ந்து கூடுகிறதா, சாலையின் மேடுபள்ளத்தோடு வருகிறதா? வழவழப்பான சாலையில் மெதுவாக ஓட்டி, ‘டக் டக்’கை எண்ணிப் பார்க்கலாம். 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் அது விநாடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். விநாடிக்கு மூன்று ‘டக்’ எண்ண முடிந்தால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று அடிக்கிறது: டயரில் ஏறிய ஆணி, டிரெட்டில் சிக்கிய ஜல்லி, தளர்ந்த வீல் நட்டு. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிடச் சுமார் நாலு மடங்கு வேகமாகச் சுற்றுவதால், அதன் அடியை எண்ண முடியாது, ‘தரதர’வென்று ஓடிவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தச் சோதனையின்போது நியூட்ரலில் உருளவிட்டுப் பார்ப்பது உண்டு. இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் மாறவில்லை என்றால் இன்ஜின் வழக்கிலிருந்து விடுபடுகிறது. ஆனால் ஓடும் வண்டியில் இன்ஜினையே அணைத்துப் பார்க்கக் கூடாது. பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் சீக்கிரம் கைவிடும், பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டியும் கொள்ளும்.

பள்ளம் மேட்டில் மட்டும் வரும் சத்தம்தான் நம் ஊரில் அதிகம். இதிலும் ‘எப்போது’தான் வழிகாட்டும். தெருவில் பேவர் பிளாக் கல்மேல் பொடிப்பொடியாக ‘லொடலொட’, பெரிய வேகத்தடையில் ஒன்றுமில்லை என்றால் லிங்க் ராடைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வண்டி வளைவில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியையும் சஸ்பென்ஷனையும் இணைக்கும் சின்னத் தண்டு அது. இரண்டு முனையிலும் பந்துமூட்டு. மெதுவான வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது மூட்டில் விழுந்த ஆட்டம் பேசத் தொடங்கும். பெரிய இறக்கத்தில் ஒற்றை ‘டொம்’ என்றால் ஸ்ட்ரட் மவுண்ட்டோ லோயர் ஆர்ம் புஷ்ஷோ. பிரேக் பிடிக்கும்போதும் எடுக்கும்போதும் ஒரு ‘கடக்’ என்றால் லோயர் ஆர்மின் பின் புஷ் முன்னும் பின்னும் நகர்கிறது. ஸ்டியரிங்கிலேயே தட்டல் கைக்குத் தெரிந்தால் ரேக், ரேக் எண்ட், டை ராடு எண்ட்.

இங்கேதான் நவீன ஒர்க்‌ஷாப்பின் ஒரு பலவீனம் தெரிகிறது. லிஃப்ட்டில் வண்டியைத் தூக்கியதும் சக்கரங்கள் தொங்கிவிடும். மூட்டுகள் ஒரே பக்கமாக இழுபட்டு நிற்க, ஆட்டம் மறைந்துபோகும். சாலையில் ஆடிய அதே லிங்க் ராடு லிஃப்ட்டில் அசையாமல் நிற்கும். பழைய பட்டறைகளில் இருந்த பள்ளம் இந்த வேலைக்கு லிஃப்ட்டைவிட மேல் என்பேன். வண்டி தன் பாரத்தைத் தன் சக்கரத்திலேயே தாங்கி நிற்க, ஆள் கீழே இறங்கி நின்று பார்க்கலாம். அப்படி ஒரு பள்ளத்தில் கைதேர்ந்த மெக்கானிக் வேலை செய்வதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அவர் காதை அதிகம் நம்புவதில்லை. மேலே ஒரு பையனை விட்டு பானெட்டை அமுக்கி அமுக்கி ஆட்டச் சொல்வார். கீழே இரண்டு விரலை லிங்க் ராடின் மூட்டுமேல், பாதி மூட்டிலும் பாதி தண்டிலும் படுகிற மாதிரி, லேசாக வைத்துக்கொள்வார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரல் நுனியில் ‘நக்’ என்று கடிக்கும். அடுத்து பால் ஜாயிண்ட், அடுத்து டை ராடு எண்ட். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு விரல். காது பரப்பித் தரும் சந்தேகத்தை விரல் ஒரே இடத்தில் குத்தி நிறுத்திவிடுகிறது.

அதன் பிறகும் தீராத ஐயத்துக்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத தெருவில் மெதுவாக ஒரு சுற்று. சத்தம் போய்விட்டால் குற்றம் உறுதி. போகவில்லை என்றால் புதிய லிங்க் ராடு வாங்கும் பணம் மிச்சம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற இந்த ஒழுக்கம்தான் தேடலுக்கும் குருட்டடிக்கும் உள்ள வித்தியாசம். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பிரேக் சத்தத்தைப் பிரிப்பது எளிது. கடகடப்பு வரும் சாலையில் பிரேக் பெடலை இறகு போல லேசாகத் தொட்டால் சத்தம் சட்டென்று நிற்கும். பேட் டிஸ்க்கில் அழுந்திவிட்டதால் ஆட இடமில்லை. பேட் மாற்றும்போது பழைய மெல்லிய ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிடுவது அல்லது காலிபர் பின்னுக்குக் கிரீஸ் வைக்காமல் விடுவதுதான் வழக்கமான காரணம். புதிதாகப் பேட் போட்ட மறுநாளே சத்தம் தொடங்கினால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்றால் முன்சக்கர ஷாஃப்ட்டின் வெளிமூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் ரிம்முக்கு உள்பக்கம் தெறித்திருக்கும். தகரத்தைத் தரையில் இழுக்கும் சத்தம் என்றால், டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே ஒரு ஜல்லி சிக்கியிருக்கலாம். ரிவர்ஸ் எடுத்தாலே சில நேரம் விழுந்துவிடும்.

லாரி, பஸ் உலகம் தனி. நாமக்கல், சங்ககிரி, கரூர்ப் பக்கம் லாரியோடும் பாடி கட்டுகிற பட்டறையோடும் வாழ்கிறவர்களுக்குச் சத்தம் என்பது தொழிலின் பாதுகாப்போடு நேரடியாகச் சேர்ந்தது. ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு கட்டி வைத்திருப்பது யூ போல்ட். அது தளர்ந்தால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நகரத் தொடங்கும், பட்டைகளை ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட் தனியாக எல்லாச் சுமையையும் வாங்கி ஒடியும், ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். கிளட்ச்சை விடும்போது ஒரு ‘டங்’, கியர் மாற்றும்போது ஒரு ‘டங்’ என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூ ஜாயிண்ட். ஓட்டத்தில் அதன் முன்முனை கழன்று விழுந்தால் தரையில் குத்தி நின்று வண்டியையே தூக்கிவிடும் அபாயம் உண்டு. ஷாஃப்ட்டைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டுவது அதற்காகத்தான். ஓட்டுநர்கள் வண்டியைச் சுற்றி வந்து டயரையும் பட்டையையும் கம்பியால் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை யாரும் பழைய வழக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இறுகிய இரும்பும் தளர்ந்த இரும்பும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை.

கருவிகளைப் பற்றி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து முனையை இன்ஜினில் ஊன்றிக் கேட்பது எல்லோரும் பார்த்ததுதான். பிரான்சில் ரெனே லென்னெக் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்ட உபாயம் ஸ்டெதாஸ்கோப்பாக வளர்ந்தது. முனையில் உலோகக் கம்பி வைத்த மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் அதன் வழிவந்தது. ஆனால் இவை இரண்டும் நிற்கும் வண்டிக்குத்தான் உதவும். ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு, கிளிப் போல் கவ்விக்கொள்ளும் சின்ன மைக்குகளை அடியில் நாலைந்து இடத்தில் மாட்டி, உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கேட்கும் கருவி இருக்கிறது. இது சர்வீஸ் சென்டர்களில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் என்பது என் எண்ணம். தவறாக மாற்றிய ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரால் வண்டிக்காரர் இழக்கும் பணமும் நம்பிக்கையும் சின்னதில்லை.

தயாரிப்பாளர்களிடம் இதைவிடப் பெரிய வசதி உண்டு. 1966-இல் தொடங்கப்பட்ட புனேயின் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் ஒலி எதிரொலிக்காத அறைகள் இருக்கின்றன. நான்கு சக்கரத்தையும் நான்கு ஹைட்ராலிக் தூண்கள்மேல் நிறுத்தி, பதிவு செய்து வந்த சாலையின் குலுக்கலை அப்படியே திரும்ப ஓட்டிப் பார்க்கும் எந்திரங்களும் இந்தத் துறையில் உண்டு. புதிய வண்டி அமைதியாக இருப்பதற்கு இந்த உழைப்பே காரணம். ஐந்து வருட மழைக்கும் பள்ளத்துக்கும் பிறகு அதே வண்டி எப்படிச் சத்தம் போடும் என்ற அறிவு மட்டும் பட்டறைகளில்தான் சேர்ந்திருக்கிறது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

என் மனக்குறை இந்த எழுதி வைக்காத இடத்தில்தான். ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள். ‘அடியில் சத்தம்’ என்று இரண்டே வார்த்தை இருக்கும். காலையில் முதல் கிலோமீட்டரிலா, சூடான பிறகா? காலியாக இருக்கும்போதா, ஐந்து பேர் ஏறினாலா? என்ன வேகம், எந்த மாதிரிச் சாலை, பிரேக்கில் கால் இருந்ததா? இதெல்லாம் கேட்க இரண்டு நிமிடம் போதும். வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் சொல்லும் சாலையிலேயே ஒரு டிரயல் போக இன்னும் பத்து நிமிடம். அட்வைசர் எழுதியதை மெக்கானிக் மட்டும் படித்து, வேறொருவர் வேறொரு சாலையில் ஓட்டிப் பார்த்தால் சத்தம் எப்படி வரும்? வண்டிக்காரர்களும் தங்கள் பங்குக்கு ஃபோனில் பதிவு செய்யலாம். ஓட்டுகிறவர் அதைச் செய்யக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டும். சத்தம் வரும்போது வேகத்தையும் கியரையும் வாயால் சொல்லிக்கொண்டே பதிந்தால் அதைவிட நல்ல ஜாப் கார்டு இல்லை.

எந்தச் சத்தம் காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஹீட் ஷீல்டு ஒரு வாரம் பொறுக்கும். இன்ஜினுக்கு அடியில் கிளிப் விட்டுத் தொங்கும் பிளாஸ்டிக் கவசத்தை ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். பால் ஜாயிண்ட் பொறுக்காது; அது கழன்றால் சக்கரம் வெளியே மடிந்துகொள்ளும். தளர்ந்த வீல் நட்டு ஒரு நாள்கூடப் பொறுக்காது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்கச் சொல்வது சடங்குக்காக இல்லை. 2022 ஜூனில் டொயோட்டா தன் புதிய மின்சாரக் காரான பிஇசட்4எக்ஸ் வண்டிகளில் சுமார் 2,700-ஐத் திரும்பப் பெற்றது. சக்கரத்தின் ஹப் போல்ட்டுகள் சிறிது தூரம் ஓடியதுமே தளரலாம், சக்கரமே கழன்றுவிடலாம் என்று கண்டறிந்து, சரிசெய்யும் வரை ஓட்ட வேண்டாம் என்றே சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் புத்தம் புதிய வண்டியிலும் போல்ட் தளரும் என்றால், தெருமுனைப் பஞ்சர் கடையில் அவசரமாக மாட்டிய சக்கரத்தை நாமே ஒருமுறை முடுக்கிப் பார்ப்பதில் வெட்கமென்ன?

மின்சார வண்டிகள் இந்தத் தேடலை எளிதாக்கும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். ஒரு பாதி உண்மை. சைலன்சர் இல்லை, கன்வர்ட்டர் இல்லை, கிளட்ச் இல்லை. மேலே சொன்ன பட்டியலில் கணிசமான பகுதி போய்விடுகிறது. ஆனால் இதுவரை பல சின்னச் சத்தங்களை மூடி மறைத்துக்கொண்டிருந்த இன்ஜின் ஒலியும் சேர்ந்து போய்விடுவதால், பெட்ரோல் வண்டியில் கேட்காத பேட் கிளிப்பின் ‘டிக்’ இங்கே தெளிவாகக் கேட்கும். பேட்டரியின் பாரம் நூற்றுக்கணக்கான கிலோ. அதை நம் வேகத்தடைகள்மேல் தினமும் ஏற்றி இறக்குவது அதே லிங்க் ராடும் அதே லோயர் ஆர்ம் புஷ்ஷும்தான். தரை முழுக்கப் பரந்த அடிக்கவசத்தில் ஒரே ஒரு போல்ட் தளர்ந்தாலும் அகலமான தகடு அதை உரக்கச் சொல்லும். அந்தக் கவசத்துக்குப் பின்னால் ஆரஞ்சு நிற உறை போட்ட உயர் அழுத்த கேபிள்கள் ஓடுகின்றன. கம்பியால் தட்டிப் பார்ப்பதும், கிடைத்த இடத்தில் ஜாக்கியை முட்டுக்கொடுப்பதும் இங்கே நடக்காது. எந்த இடத்தில் தூக்கலாம், மின் இணைப்பை எப்படித் துண்டிப்பது என்ற பயிற்சி நம் தெருமுனைப் பட்டறைகளுக்கு இனிமேல்தான் போய்ச் சேர வேண்டும். இந்த வண்டிகளின் முதல் தலைமுறைக்கு உத்தரவாதக் காலம் முடிந்து, அவை சர்வீஸ் சென்டரை விட்டு வெளியே வருவதற்குள் அது போய்ச் சேர்ந்தாக வேண்டும்.